ஊட்டி சுவிட்ச்

தை மாதம் என் கணவருக்கு வேலை போனது. ஒரு வீடியோ அழைப்பில் யாரோ ஒரு பெண் இனிமையான குரலில் நன்றி சொல்லி முடித்துவிட்டாள். அவர் மென்பொருள் சோதிப்பவர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் இத்தனை வருடமும் அவர் பிழைப்பு. வேலை போனதே தவிர அந்தப் பழக்கம் போகவில்லை. அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் இருந்த கோளாறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. லிஃப்டில் எங்கள் மாடி பட்டனை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை. வாஷிங் மெஷினில் 'பட்டு' என்று வைத்தாலும் 'ஜீன்ஸ்' என்று வைத்தாலும் அது ஒரே மாதிரிதான் சுற்றுகிறது. சித்திரை முடிவதற்குள் வீட்டுக்குள் சோதிக்க எதுவும் மிச்சமில்லாமல், கீழே இறங்கி காருக்கு வந்துவிட்டார்.

கார் என்னுடையது. நான்தான் ஓட்டுவேன், தினமும் அம்பத்தூரில் என் அலுவலகத்துக்கு. அவர் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் உள்ள அத்தனை பிழைகளும் ஒரே நேரத்தில் தன் கண்ணில் படுகின்றன என்பார். அது வெளிநாட்டுக் கம்பெனி செய்த பழைய கார். பெங்களூரில் இருந்த என் அண்ணன், அதாவது பெரியம்மா மகன், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது எங்களிடம் தள்ளிவிட்டுப் போனது. டாஷ்போர்டு பெட்டியில் அதன் கையேடு உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. அதை அவர் மாடிக்கு எடுத்துப் போய், நாவல் படிப்பதுபோல சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கையேட்டில் விரலை வைத்தபடி வந்து நின்றார்.

"கதவுல சைடு கண்ணாடி திருப்புற குமிழ் இருக்குல்ல, அதுல அலை அலையா ஒரு படம் போட்டிருக்கும். அது என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஏதோ ஃபேன்னு நெனச்சேன்."

"ஹீட்டர். ரெண்டு பக்கக் கண்ணாடியையும் சூடு பண்றது. பனியில கண்ணாடி மூடிக்கிட்டா அந்தப் பக்கம் திருப்பினாப் போதும், உருகிடும்."

வெளியே கத்திரி வெயில். சமையலறை ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. நான் வெங்காயத்தைப் பார்த்தபடியே, "ரொம்ப நல்லது," என்றேன்.

"அது வேலை செய்யுதான்னு பாக்கணும்."

"ஏங்க, நமக்கு எதுக்குங்க அது?"

"எதுக்குங்கறது வேற கேள்வி. வேலை செய்யுதா, இல்லையா? அதுதான் என் கேள்வி."

அந்தக் குரலை நான் நான்கு மாதமாகக் கேட்டிருக்கவில்லை. அலுவலக அழைப்புகளில் பேசுகிற குரல் அது. அதனால் கத்தியை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

கீழே போய்ப் பார்த்தோம். இன்ஜினைப் போட்டு குமிழைத் திருப்பினேன். அவர் இரண்டு கண்ணாடிகளிலும் மாறி மாறிக் கையை வைத்தார். இரண்டும் கொதித்தன. நிறுத்திவிட்டு மறுபடி தொட்டார். அப்போதும் கொதித்தன. நிழலில் நிறுத்தி, ஈரத்துணி போட்டு ஆற வைத்துப் பார்த்தோம். துணி காய்ந்ததுதான் மிச்சம். ராத்திரி கையேட்டை மறுபடி படித்தபோதுதான் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. வெளியே இருபது டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டுமே ஹீட்டர் வேலை செய்யும். அதை அளக்க முன் பம்பருக்குள் ஒரு சென்சார் இருக்கிறது.

அதாவது, எங்கள் ஊரில் அது மார்கழி விடியலில் என்றைக்காவது ஒரு நாள் வேலை செய்தால் உண்டு. இந்த விஷயம் அவரை நிறுத்திவிடும் என்று நினைத்தேன். மறுநாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து திரும்பி காரை நிறுத்தியதும், ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டிகளை ஒரு பாலிதீன் பையில் போட்டு வந்து, பம்பருக்குக் கீழே தரையில் படுத்து, என் பழைய துப்பட்டாவால் சென்சாரோடு சேர்த்துக் கட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து டாஷ்போர்டில் தெரியும் எண்ணை உரக்கப் படிக்க வேண்டும்.

"முப்பத்தி நாலு."

"ம்."

"முப்பத்தி ரெண்டு."

"ம்."

அசோசியேஷன் செயலாளர் பால் வாங்கப் போகிற வழியில் நின்றார். தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார். துப்பட்டாவைப் பார்த்தார். "காருக்குக் காய்ச்சலா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார். கிண்டல் செய்கிற மனிதர் அல்ல அவர். என் கணவரும் கீழேயிருந்தபடி அதே அக்கறையோடு எல்லாவற்றையும் விளக்கினார். செயலாளர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, விருந்தினர் வண்டி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனார். எண் இருபத்தேழு வரை இறங்கியது. அதற்குள் ஐஸ் தீர்ந்துவிட்டது.

ஏரிக்கரையில் காலை நடை போகும்போது அவருக்கு ஒருவர் பழக்கம். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேலாளர். நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த வாரமே என் கணவர் வந்து, ஆப்பிள் லோடு வருவதற்காக ஒரு பெரிய அறையைக் காலியாகக் குளிரூட்டிக்கொண்டிருக்கிறார்கள், லாரியே உள்ளே போகிற கதவு, சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"கார உள்ள ஓட்டிட்டுப் போகணுமா?"

"நீதான ஓட்டுவ."

அலமாரியின் அடியில் ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர்கள் இருந்தன. அந்துருண்டை வாசனையோடு அவற்றை எடுத்துக்கொண்டோம். அவர் குரங்குக் குல்லாவும் எடுத்துக்கொண்டார். கிடங்கு வாசலில் இறங்கி, வெயிலில் நின்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டபோது சுமை இறக்குகிறவர்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார்கள்.

"இன்னா மேடம், வண்டிய ஃப்ரிட்ஜுல வெச்சிட்டுப் போறீங்களா?" என்றார் ஒருவர்.

"கண்ணாடி ஹீட்டர் செக் பண்றோம்ணா," என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஹீட்டருக்கு இன்னாத்துக்கு ஃப்ரிட்ஜு?"

பக்கத்திலிருந்தவர், "உடு மாமே, அவங்க ஊட்டுப் பிரச்சனை," என்றார்.

சரிவுப் பாதையில் ஏறி, தொங்கும் பிளாஸ்டிக் திரைகளை விலக்கிக்கொண்டு உள்ளே ஓட்டினேன். பள்ளிக்கூட மைதானம் போல வெறிச்சென்ற அறை. இன்ஜினை அணைத்ததும் கதவைச் சாத்தினார்கள். குழல் விளக்கின் கீழே நானும் அவரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் காருக்கு இரண்டு பக்கமும் நின்றோம். மேலாளர் கம்பெனிக் கோட்டு மாட்டிக்கொண்டு, மரியாதைக்குக் கூட நின்றார். "பசங்க என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டார். சொன்னோம். மூன்று பேர் வாயிலிருந்தும் புகை வந்தது. மேலாளர் போன் வந்து நகர்ந்தபோது என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. மூக்கு சிவந்துபோயிருந்தது.

அரை மணி கழித்து கதவைத் திறக்கச் சொல்லி, இருவரும் ஏறிக்கொண்டு, வண்டியைக் கிளப்பினேன். டாஷ்போர்டில் நான்கு டிகிரி என்று வந்தது. பக்கத்திலேயே பனிப்பூ படம் ஒன்று எரிந்து, டிங் என்று மணி அடித்தது. சாலை வழுக்கலாம், கவனம் என்று ஒரு வரி ஓடியது. காரை வாங்கியதிலிருந்து அது ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை. அவர் பரவசத்தோடு குமிழைத் திருப்பச் சொன்னார். திருப்பிவிட்டுப் பின்னால் எடுத்தேன்.

இருவருமே யோசிக்காத ஒன்று அப்போது நடந்தது. திரைகளைத் தாண்டி வெளிக்காற்றில் நுழைந்த அந்தக் கணத்தில் கார் முழுக்க வெளுத்துப்போனது. முன் கண்ணாடி, பின் கண்ணாடி, ஜன்னல்கள், எல்லாவற்றிலும் சுண்ணாம்பு அடித்ததுபோல நீராவி படிந்துவிட்டது. வைப்பரைப் போட்டால் ஒரு நொடி தெரிந்து மறுபடி மூடியது. பிரேக்கை மிதித்தேன். அதற்கு முன்பே வண்டி சரிவில் பின்னாலேயே கோணலாக இறங்கி, முன்பக்கம் ஒதுங்கி, முன் பம்பர் சிமெண்ட் விளிம்பில் இடித்து நின்றது. பின்னால் ஒரு ஹாரன் விடாமல் அடித்தது.

"யக்கா, வண்டிய எடுங்க, ஐஸ்கிரீம் லோடு கீது."

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க."

"எனுக்குத் தெரியுதுல்ல. நான் சொல்றேன், நீங்க வாங்க. வா, வா, வா. லெஃப்ட்ல ஒடி. ஒடிக்கா. போதும். நேரா வா."

முகம் தெரியாத அந்தக் குரலை நம்பி அங்குலம் அங்குலமாக இறங்கினேன். என் கணவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கக் கண்ணாடியை. ஜன்னலை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அந்த வெள்ளை நடுவில் ஒரு ரூபாய் அளவு கலைந்து, மெதுவாகப் பரவி, ஓரம் வரை தெளிந்தது. அதில் ஐஸ்கிரீம் வேனும் கையாட்டும் டிரைவரும் பளிச்சென்று தெரிந்தார்கள். என் பக்கத்து வலது கண்ணாடி சுவர் மாதிரி வெள்ளையாகவே இருந்தது.

"வலது ஃபெயில்," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பூந்தமல்லியில், காருக்குக் கண்ணாடியும் ஒயரிங்கும் பார்க்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவர் அவரிடம், இடது வேலை செய்வதால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு வலது கண்ணாடியிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான் என்று படம் வரைந்து காட்டினார். பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி சார், கயட்டிப் பாத்துடலாம்," என்று ஒரு தட்டையான பிளாஸ்டிக் பட்டையை ஓரத்தில் விட்டு நெம்பினார். கண்ணாடி கையோடு வந்தது. பின்னால் இரண்டு ஒயர்கள் நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றித் தொங்கின. அவை எதிலும் மாட்டியிருக்கவில்லை.

"இது கம்பெனி கண்ணாடியே இல்ல சார். சொவத்துல மாட்டுற கண்ணாடி. அறுத்து ஒட்டிக்கீறாங்க."

திருப்பிக் காட்டினார். காவி நிறப் பின்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் 'பளிப்பு' என்று எழுதியிருந்தது. முன்னால் இருந்த இரண்டு எழுத்தும் அறுப்பில் போயிருந்தன. அதற்கும் கீழே ஒரு ரோஜாப்பூவின் பாதி.

எனக்குக் காது சூடானது. அன்பளிப்பு என்று எல்லோரும் கண்ணாடியின் முகத்தில்தான் எழுதுவார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பின்பக்கம் எழுதுங்கள் என்று பாத்திரக்கடையில் நின்று பிடிவாதம் பிடித்த ஒரே ஆளை எனக்குத் தெரியும். அண்ணன் கல்யாணத்துக்கு அந்தக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்தது நான்தான். பூ வேண்டாம் என்று சொல்லியும் கடைக்காரர் வரைந்துவிட்டார்.

கடை வாசலிலேயே அண்ணனுக்கு போன் போட்டேன். அங்கே அப்போது விடிந்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னேன்.

"லாரிக்காரன் ஒருத்தன் ஒரசிட்டுப் போயிட்டான்மா. அந்தக் கண்ணாடி பெங்களூர்ல எங்கயும் கெடைக்கல. வீட்ல ஒரு கண்ணாடி சும்மா இருந்துச்சு."

"சும்மா இருந்துச்சா?"

"மாட்டித்தான் வச்சிருந்தோம். அப்புறம் அண்ணி பீரோவுலயே பெரிய கண்ணாடி வந்துடுச்சு." பிறகு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் குரலில், "உன் கண்ணாடி உன்கிட்டயே வந்துடுச்சு பாத்தியா," என்றான்.

பக்கத்தில் நின்ற என் கணவர், "அந்த ஒயருக்கு யாரு டேப் சுத்துனாங்கன்னு கேளு. ரொம்ப நேர்த்தியா இருக்கு," என்றார்.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வேறு ஒன்று தோன்றிச் சிரிப்பு வந்துவிட்டது. வலது பக்கம் வருகிற வண்டிகள் மட்டும் என்னை மோதுகிற மாதிரி நெருங்கி வருகின்றன, இந்த ஊர்க்காரர்களுக்கு வலது பக்கம் வந்தாலே வெறி பிடித்துவிடுகிறது என்று நான் அலுவலகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். காரின் கண்ணாடி லேசாக வளைந்திருப்பதால் எல்லாவற்றையும் சின்னதாகக் காட்டும். நான் வாங்கிக் கொடுத்தது தட்டைக் கண்ணாடி. அது உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய கார் உதிரிபாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் என் கணவர் இரண்டு நாள் அலைந்து, ஹீட்டரோடு கூடிய வலது கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு கடைக்காரர் அதைப் பழைய சைலன்சர்களுக்கு அடியிலிருந்து எடுத்து, யாரும் கேட்காத பொருளைக் கேட்டதற்காக அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். பாய் அதை மாட்டி ஒயரைச் சொருகினார். இரண்டு கண்ணாடிகளும் சூடாயின. வெயிலே இல்லாத கடைக்குள், தொட்டால் சுடுகிற அளவுக்கு.

அது எப்படி என்று யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. வெளியே முப்பத்தெட்டு டிகிரி. ஹீட்டர் வேலை செய்யக்கூடாது. டாஷ்போர்டைப் பார்த்தால், நான்கு டிகிரி, பனிப்பூ. கிடங்கின் சரிவில் பம்பர் இடித்ததில் சென்சாரின் ஒயர் பாதி அறுந்து, அன்றிலிருந்தே கார் தான் இன்னும் அந்த ஆப்பிள் அறைக்குள்தான் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. நான் அந்த எண்ணைத் தினமும் பார்த்தும் கவனித்திருக்கவில்லை. கிளப்பும்போதெல்லாம் டிங் என்று அடித்து, சாலை வழுக்கலாம் என்று சொல்லும். தார் உருகுகிற ரோட்டில் நான் தலையாட்டிவிட்டுப் போவேன்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அந்த வாரம் முழுவதும் ஏசி குளிரவில்லை. கேஸ் தீர்ந்திருக்கும் என்று நான் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்கு டிகிரி குளிரில் யாருக்கு ஏசி வேண்டும் என்று கார் கம்ப்ரசரை நிறுத்தி வைத்திருக்கிறது.

பாய் சென்சார் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "இத்த ஒட்டிட்டா ஏசி வரும். ஆனா கண்ணாடி சூடு வராது. உங்களுக்கு எது வோணும்?"

"ஏசி," என்றேன்.

"ரெண்டும்," என்றார் என் கணவர்.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்பத் தகராறில் தலையிட விரும்பாதவர் முகம். கடைசியில் ஒரு வழி சொன்னார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் சென்சார் உண்மையைச் சொல்லும். மறு பக்கம் தள்ளினால் குளிர் என்று பொய் சொல்லும். "இந்தாண்ட மெட்ராஸ், அந்தாண்ட ஊட்டி. எப்ப எது வோணுமோ வெச்சுக்கங்க." என் கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சுவிட்சை மெட்ராஸ் பக்கம் வைத்து, ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன்.

ஆவணியில் அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வேலை கிடைத்தது. நேர்காணலில், இத்தனை மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். படிப்பு, பயிற்சி என்று ஏதாவது சொல்வார் என்று நான் நினைத்திருந்தேன். பக்கக் கண்ணாடி ஹீட்டரைப் பற்றி முழுக்கச் சொல்லியிருக்கிறார், குளிர்பதனக் கிடங்கு உட்பட. கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்க வெளியே போனாராம். வேலை அதனால் கிடைத்ததா, அதையும் மீறிக் கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு மாலை, கொட்டுகிற மழையில் அவரை அலுவலக வாசலில் ஏற்றிக்கொண்டேன். எஸ்டேட் ரோட்டில் தண்ணீர் டயரின் பாதி வரை நின்றது. வண்டிகள் நகர்வதாக இல்லை. பக்கக் கண்ணாடிகளில் மழைத்துளி அப்பி, பின்னால் வருகிறவை எல்லாம் கரைந்த விளக்குகளாகத் தெரிந்தன. அவர் தொண்டையைச் செருமினார்.

"இப்பப் போடலாமா?"

இதற்கு மேல் ஒரு தருணம் அமையாது என்று எனக்கும் தோன்றியது. சுவிட்சை ஊட்டிக்குத் தள்ளினேன். டிங் என்று மணி அடித்தது. பனிப்பூ மலர்ந்தது. ஒரு நிமிடத்தில் இரண்டு கண்ணாடிகளிலும் துளிகள் சுருங்கி, காய்ந்து மறைந்தன. பின்னால் நின்ற தண்ணீர் லாரி, அதன் பம்பரில் கட்டிய எலுமிச்சை, டிரைவர் விட்ட கொட்டாவி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கண்ணாடியையும் அந்தக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏசி நின்றுபோயிருந்தது. எங்கள் இருவர் மூச்சிலும், அவருடைய ஈரச் சட்டையிலும், முன் கண்ணாடி உள்பக்கமாக மெல்ல மூடிக்கொண்டு வந்தது. சிறிது நேரத்தில் பின்னால் இருப்பது முழுக்கத் தெரிந்தது. முன்னால் இருப்பது எதுவுமே தெரியவில்லை.

"மெட்ராஸ் போடு," என்றார்.

போட்டேன். ஏசி வந்து முன் கண்ணாடி தெளிந்தது. பக்கக் கண்ணாடிகளில் மறுபடி துளி அப்பியது. பக்கத்து லேனிலிருந்து ஒரு வண்டி மூக்கை நுழைத்தது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. "ஊட்டி," என்றார். தள்ளினேன். டிங். இப்படியே மாறி மாறிப் போனோம். ஊட்டியாக இருக்கும் நேரங்களில் அவர் சாப்பாட்டுப் பையிலிருந்த துண்டை எடுத்து முன் கண்ணாடியை என் பக்கம் வரை எட்டித் துடைத்தார். அருகில் நின்ற ஆட்டோக்காரர் படுதாவை விலக்கி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார், உள்ளயும் மழையா?"

"இல்லண்ணே," என்றார் என் கணவர், துடைத்துக்கொண்டே. "ஊட்டி."

ஆட்டோக்காரர் அதை ஏற்றுக்கொண்டவர் போலத் தலையசைத்துப் படுதாவை மூடிக்கொண்டார்.

வீடு சேர வெகுநேரமானது. மறுநாள் அவருக்கு ஜலதோஷம், ஆனாலும் வேலைக்குப் போனார். நான் சுவிட்சை மெட்ராஸ் பக்கம் வைத்து, நகராதபடி மேலே செல்லோ டேப் ஒட்டினேன். டேப் இன்னும் இருக்கிறது. அதன் ஒரு ஓரம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி ரொம்ப நேர்த்தியாக ஒட்டியிருக்கிறார்கள்.